யார் உடல் யாரை நோக்கி நகர்வது?

2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, படித்த நாளிலிருந்து என்னை விட்டு அகலவில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தைச் சேர்ந்த நோவா சாஸனும் சக ஆய்வாளர்களும் நடத்தியது அது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களுமாகச் சிலரைச் சற்று நேரம் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். பேசியவர் யாரென்றே அறியாத வேறு பலரிடம் அந்தப் பதிவைப் பல வடிவங்களில் கொடுத்தார்கள். சிலருக்குக் காட்சியும் குரலும் சேர்ந்து கிடைத்தன. சிலருக்குக் குரல் மட்டும், சிலருக்கு ஒலியில்லாத காட்சி, சிலருக்கு ஒரு நிழற்படம். ஒரு குழுவுக்கு மட்டும், பேசிய சொற்களை அப்படியே எழுத்தாக்கிய தாளைக் கொடுத்தார்கள். இவர் பக்கத்தில் உட்காருவீர்களா, இவரோடு பேசிப் பழகுவீர்களா, இவர் உங்கள் வீட்டருகே குடியிருக்கலாமா என்று எல்லோரிடமும் கேட்டார்கள். முகத்தையோ அசைவையோ கண்டவர்களும் குரலைக் கேட்டவர்களும் சில நொடிகளிலேயே ஆட்டிசம் உள்ளவர்களிடமிருந்து விலகினார்கள். தாளைப் படித்தவர்களிடம் மட்டும் அந்த விலகல் இல்லை.

பேச்சின் பொருளில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். சொல் வந்து சேர்வதற்கு முன்பே உடலைப் பார்த்துக் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. நாற்பது வயதில் தனக்கு ஆட்டிசம் என்றோ ஏடிஎச்டி என்றோ அறிந்துகொண்ட ஒருவர், "நான் எந்த இடத்திலும் ஒட்டவில்லை, ஏன் என்று தெரியவில்லை" என்று சொல்லும்போது அவர் நினைவில் இருப்பது இப்படிச் சாத்தப்பட்ட கதவுகள்தான். பேச்சுவழி ஆலோசனைக்குப் போகிறார். அங்கும் எதிரெதிர் நாற்காலி, கண்ணுக்குக் கண், "என்ன உணர்கிறீர்கள்?" என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருந்தால் அவர் அங்கே வந்திருக்கவே மாட்டார்.

இப்படிப்பட்ட பெரியவர்களுக்கு உடல் வழியாகவும் உறவு வழியாகவும் உதவ முயலும் சிகிச்சைகள் இன்று பல பெயர்களில் இருக்கின்றன. நடன அசைவுச் சிகிச்சை, உட்புலன் பயிற்சி, அதிர்ச்சிக்கான உடல்சார் சிகிச்சைகள், இன்டென்சிவ் இன்டராக்‌ஷன் என்று பட்டியல் நீளும். இவற்றில் எது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரை. படிக்கப் படிக்க இத்தனைக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றியது: இணைப்பு வேண்டும் என்றால், யாருடைய உடல் யாருடைய உடலை நோக்கி நகர வேண்டும்?

தமிழுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. உள்ளத்தில் நிகழ்வது உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்றோம். தொல்காப்பியம் அதற்குப் பொருளதிகாரத்தில் ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறது. எட்டு மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன்கள், ஆக 32. மெய் என்ற சொல் உடலையும் உண்மையையும் ஒருசேரக் குறிக்கும். ஆனால் மெய்ப்பாடு என்ற கருத்தே ஒன்றை எடுத்துக்கொண்டு தொடங்குகிறது: காட்டுபவரின் உடலும் காண்பவரின் உடலும் ஒரே இலக்கணத்தில் இயங்குகின்றன என்பதை. மகிழ்ச்சியில் கைகளை உதறுபவரும், கவனித்துக் கேட்பதற்காகவே முகத்தைத் திருப்பிக்கொள்பவரும் அந்த இலக்கணத்துக்குள் எங்கே வருவார்கள்?

பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் இதற்கு 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்று பெயரிட்டார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரியவில்லை என்பதுதான் 1985 முதல், அதாவது சைமன் பேரன்-கோஹனும் ஆலன் லெஸ்லியும் ஊட்டா ஃப்ரித்தும் வெளியிட்ட புகழ்பெற்ற பொம்மைச் சோதனை முதல், வழங்கிவந்த விளக்கம். மில்டன் அதற்குப் புரியாமை இருபுறமும் இருக்கிறது என்றார். நான்கு ஆண்டுகள் கழித்து லண்டனில் ரோசன்னா ஈடியும் குழுவினரும் இதை அசைவின் மட்டத்திலேயே சோதித்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் இரண்டு முக்கோணங்களை நகர்த்தி வெவ்வேறு மனநிலைகளைக் காட்டினார்கள். ஆட்டிசம் இல்லாதவர்கள் தங்களைப் போன்றவர்கள் நகர்த்திய முக்கோணங்களின் மனநிலையைச் சரியாகப் படித்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் நகர்த்தியதை அவ்வளவாகப் படிக்க முடியவில்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் கையசைவு சற்று வேகமும் வெட்டும் கூடியது என்று ஜெனிஃபர் குக் 2013இல் ஏற்கெனவே அளந்து காட்டியிருந்தார். முகம் இல்லை, குரல் இல்லை, வெறும் முக்கோணம். அதிலும் கை வைத்த உடலின் நடை தெரிந்தது, அந்த நடை பிடிபடவும் இல்லை.

உடலை வளைத்த காலம்

பால்டிமோரில் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'தொடர்பு' என்ற சொல் இருக்கிறது. உணர்வுத் தொடர்பில் ஏற்பட்ட குலைவு என்று அவர் ஆட்டிசத்தை வரையறுத்தார். அடுத்த அரை நூற்றாண்டில் அந்தத் தொடர்பை உண்டாக்குவதாகச் சொல்லி உடல்கள் மீது நடத்தப்பட்டவற்றை மறந்துவிட்டு, இன்று "உடல்வழிச் சிகிச்சை" என்று பேச நமக்கு உரிமையில்லை.

விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட நிகோ டின்பெர்கன், பரிசு உரையிலேயே ஆட்டிசத்தைப் பற்றிப் பேசினார். பத்தாண்டுகள் கழித்து அவரும் அவர் மனைவி எலிசபெத்தும் எழுதிய நூல் 'இறுக்கிப் பிடிக்கும் சிகிச்சை'க்கு ஆதரவு தந்தது. திமிறும் குழந்தையைத் தாய் விடாமல் அணைத்துப் பிடித்திருப்பாள். குழந்தை களைத்து அடங்குவது பாசம் பிறந்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பிரான்சில் குளிர்ந்த ஈரத் துணிகளில் உடலைச் சுற்றிக் கட்டிவைக்கும் 'பேக்கிங்' முறை பல ஆண்டுகள் நடந்தது. பன்னாட்டு வல்லுநர்கள் 2011இல் அதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார்கள். 2016இல் பிரெஞ்சு அரசு, அதைச் செய்யும் நிறுவனங்களுக்கு நிதி கிடையாது என்றது. கலிஃபோர்னியாவில் ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட, வாரம் 40 மணி நேரம் நடந்த நடத்தைப் பயிற்சியும் அடிப்படையில் உடலை வளைக்கும் வேலைதான். கண்ணைப் பார், கையை அசைக்காதே, நேராக உட்கார்.

இந்த வழிகள் ஒன்றோடொன்று சண்டை போட்டவை. ஒன்று பாசத்தைப் பேசியது, ஒன்று மன ஆழத்தை, ஒன்று நடத்தையை. ஆனால் மூன்றிலும் நகரவேண்டிய உடல் ஒன்றே ஒன்றுதான், அதைப் பிடித்திருக்கும் உடல் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்படிப் பிடிக்கப்பட்ட குழந்தைகளில் பலர் இன்று ஐம்பது, அறுபது வயதைத் தொட்டவர்கள். உடல்வழிச் சிகிச்சை என்றதும் அவர்களில் ஒருவர் கதவருகே போய் நின்றுகொண்டால் அதை எதிர்ப்பு என்று குறிப்பேட்டில் எழுதக் கூடாது. அது நினைவு.

ஹார்பர்பரியில் நடந்தது

இதே காலத்தில், லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில், ஹார்பர்பரி என்ற, நோயாளிகள் நெடுங்காலம் தங்கும் மருத்துவமனையின் பள்ளியில் வேறொன்று முளைத்தது. அங்கிருந்தவர்கள் பேச்சில்லாத, கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள இளைஞர்கள். பலர் ஆட்டிசமும் உள்ளவர்கள். நாள் முழுவதும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டோ தலையைத் தட்டிக்கொண்டோ இருப்பார்கள். அவர்களுக்கு வண்ணம் பிரிக்கவும் பொத்தான் போடவும் சொல்லிக்கொடுத்துச் சலித்த ஆசிரியர்கள், டேவ் ஹூவெட்டும் மெலனி நிண்டும், 1980களில் உளவியலாளர் எஃப்ரெய்மின் ஒரு யோசனையை எடுத்து வளர்த்தார்கள். கைக்குழந்தையோடு தாய் எப்படிப் பேசுகிறாள்? குழந்தை 'ங்ங்' என்றால் அவளும் 'ங்ங்' என்கிறாள், காத்திருக்கிறாள், குழந்தை மறுபடி சொன்னதும் சற்று மாற்றிச் சொல்கிறாள். முதல் அடி எப்போதும் குழந்தையுடையது.

இதைத்தான் அவர்கள் செய்தார்கள். ஆடிக்கொண்டிருப்பவரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். அவருடைய மூச்சை, தாளத்தை, முனகலைக் கவனித்தார்கள். பிறகு அந்தத் தாளத்தில் மெல்லத் தாமும் சேர்ந்தார்கள். நிறுத்தினார்கள். காத்திருந்தார்கள். பாடத்திட்டம் இல்லை, எட்டவேண்டிய இலக்கு இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். இன்டென்சிவ் இன்டராக்‌ஷன் என்று பெயர்பெற்ற இந்த முறையைப் பின்னால் ஃபீபி கால்ட்வெல் இன்னும் நுணுக்கமாக்கினார். வெறுமனே திரும்பச் செய்வது போதாது, பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. ஒருவர் மேசையில் மூன்று முறை தட்டினால் நீங்களும் மூன்று முறை தட்டுவது எதிரொலி. வேறோர் இடத்தில், அதே தாளத்தில் இரண்டு முறை தட்டி நிறுத்தினால் அது உரையாடல்.

எனக்கு இதில் பிடித்தது, பயிற்சி முழுவதும் பயிற்சியாளருக்கே என்பதுதான். ஆட்டிசம் உள்ள மெல் பாக்ஸ் 2007இல் வெளியிட்ட ஒரு காணொளி, இப்படிச் சொல்லில்லாமல் நடக்கும் உரையாடலை உள்ளிருந்து காட்டியது. முதல் பாதியில் முனகுகிறார், கையை அசைக்கிறார், ஓடும் தண்ணீரில் விரல்களை அளைகிறார். இரண்டாம் பாதியில் தட்டச்சு செய்து கணினிக் குரலில் விளக்குகிறார்: சுற்றியிருக்கும் எல்லாவற்றோடும் தான் பேசிக்கொண்டிருப்பதாகவும், அதைப் பேச்சு என்று ஏற்காதவர்கள் தன்னைப் பேச்சற்றவர் என்று சொல்வதாகவும். 2020இல் அவர் மறைந்தார். அந்தக் காணொளியை ஒவ்வொரு சிகிச்சையாளரும் பயிற்சிக் காலத்தில் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்டென்சிவ் இன்டராக்‌ஷன் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சில பேரை மட்டும் வைத்து நடந்த சிறு ஆய்வுகள். அதை மறைக்க வேண்டியதில்லை. பேசக்கூடிய, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு இதை அப்படியே கொண்டுவரவும் முடியாது. ஆனால் அதன் ஒழுங்கு, அதாவது முதலில் கவனி, பிறகு சேர், எப்போதும் விலக விடு என்பது, இனி வரும் எல்லா முறைகளையும் உரசிப் பார்க்க உதவும்.

உள்ளே என்ன நடக்கிறது

பசி, தாகம், இதயத் துடிப்பு, சிறுநீர் முட்டுவது, நெஞ்சு படபடப்பது ஆகியவற்றை உணரும் புலனை உட்புலன் எனலாம். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் மாலை நான்கு மணிக்குத் தலை சுற்றும்போதுதான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று அறிகிறார்கள். உணர்ச்சிக்குப் பெயர் வைக்க இயலாத நிலைக்கு அலெக்ஸிதிமியா என்ற பெயரை 1973இல் பீட்டர் சிஃப்னியோஸ் தந்தார். 2019இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய 50 சதவீதத்தினருக்கு அது இருக்கிறது. மற்றவர்களில் சுமார் 5 சதவீதம். ஆட்டிசத்தின் இயல்பு என்று நாம் நினைத்த உணர்ச்சிச் சிக்கல்களில் பல, உண்மையில் உடன் இருக்கும் இந்த அலெக்ஸிதிமியாவால் வருபவை என்று ஜெஃப்ரி பேர்டும் ரிச்சர்ட் குக்கும் 2013இல் வாதிட்டார்கள். உணர்ச்சி இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் பலரிடம் உணர்ச்சி வெள்ளமாக இருக்கிறது, அதன் பெயர்தான் கைக்கு எட்டவில்லை.

இங்குதான் இந்தத் துறையின் வலுவான ஆய்வுகளில் ஒன்று வருகிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் சாரா கார்ஃபிங்கல், ஹியூகோ கிரிட்ச்லி, லிசா க்வாட் ஆகியோரின் குழு 2016இல் ஒன்றைக் கவனித்திருந்தது: ஆட்டிசம் உள்ளவர்கள் தங்கள் இதயத் துடிப்பை எண்ணுவதில் குறைந்த துல்லியம் உள்ளவர்கள், ஆனால் உடலுக்குள் நடப்பதைத் தாங்கள் மிகுதியாக உணர்வதாக நம்புகிறார்கள். இந்த இரண்டுக்கும் இடைவெளி கூடக் கூடப் பதற்றமும் கூடுகிறது. அப்படியானால் இடைவெளியைக் குறைத்தால் என்ன? ஆட்டிசமும் பதற்றமும் உள்ள 121 பெரியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் தம் இதயத் துடிப்பைக் கண்டுபிடிக்கப் பழகினார்கள். ஊகிப்பது, உடனே சரியா தவறா என்று அறிவது, சற்று உடற்பயிற்சி செய்து துடிப்பை ஏற்றிவிட்டு மீண்டும் முயல்வது. மற்றவர்களுக்குக் குரலில் உள்ள உணர்ச்சியை அடையாளம் காணும் பயிற்சி. 2021இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்கள் கழித்து முதல் குழுவில் 31 சதவீதம் பேர் பதற்றக் கோளாறிலிருந்து விடுபட்டிருந்தார்கள், இரண்டாவதில் 16 சதவீதம்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்பதை நான் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன். மற்றவர்களின் உணர்ச்சியைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பல பத்தாண்டுகளாக 'சமூகத் திறன் பயிற்சி' என்ற பெயரில் நடந்தது. தன் நெஞ்சைத் தானே கேட்கப் பழகியவர்களுக்கு அதைவிட அதிகம் கிடைத்திருக்கிறது. ஒரே மையத்தில் நடந்த ஆய்வு, அளவிட்டது பதற்றத்தையே தவிர நட்பையோ சேர்ந்திருத்தலையோ அல்ல. ஆயினும் பிறரோடு இருப்பதன் முதல் தடை பதற்றமாக இருப்பவர்களுக்கு இது சிறிய செய்தி இல்லை.

சேர்ந்து ஆடுதல்

1942இல் வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் மேரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர், பேசாமல் ஒடுங்கிக் கிடந்த நோயாளிகளோடு அசைவுவழியாகத் தொடர்புகொள்ளத் தொடங்கினார். அவர் கையாண்டது பிரதிபலித்தல், மற்றவரின் அசைவைத் தன் உடலில் ஏற்று அவருக்கே காட்டுதல். 1966இல் அமெரிக்க நடனச் சிகிச்சைச் சங்கம் தொடங்கியபோது அவரே முதல் தலைவர். இந்தியாவில் திரிபுரா கஷ்யப் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். மும்பையில் டாடா சமூக அறிவியல் கழகம் இதற்கென ஒரு டிப்ளமோ படிப்பை நடத்தியிருக்கிறது.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் இதைச் சோதித்தவர்களில் முக்கியமானவர்கள் ஜெர்மனியின் ஹைடல்பர்க் குழுவினர், சபீனே கோக்கும் தத்துவவாதியும் மனநல மருத்துவருமான தாமஸ் ஃபூக்ஸும். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர் பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-போந்தி. மனிதர்கள் ஒருவரையொருவர் அறிவது தலைக்குள் கணக்குப் போட்டு அல்ல, உடலும் உடலும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும் ஒரு பொதுவெளியில்தான் என்பது அவர் 1945இலிருந்து வளர்த்த சிந்தனை. 2015இல் வெளிவந்த முதல் ஆய்வில் 31 இளையோர், ஏழு வாரங்கள். இருவர் இருவராக ஒருவரை ஒருவர் பிரதிபலிப்பது ஒரு பகுதி. இன்னொரு பகுதியில் ஒருவர் தனக்குப் பிடித்த இசையைக் கொண்டுவந்து தன் விருப்பப்படி அசைவார், குழு முழுவதும் அவரைப் பின்தொடரும். கலந்துகொண்டவர்கள் நலவுணர்வும் உடல் விழிப்பும் கூடியதாகச் சொன்னார்கள், தான் வேறு பிறர் வேறு என்ற தெளிவும் கூடியது என்றார்கள். பெர்லினில் இசபெல் ஜியோபெக்கின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்தசைந்தவர்கள் பிறர் உணர்ச்சியை ஊகிப்பதில் முன்னேறினார்கள், ஆனால் பரிவின் உணர்ச்சிப் பக்கத்தில் மாற்றமில்லை. பிறகு வந்த பெரிய ஆய்வுகள் ஆரவாரத்தைத் தணித்தன. 78 பேரைக் கொண்ட 2016ஆம் ஆண்டு ஆய்வில் அறிகுறிகள் குறைந்தாலும் புள்ளியியல் உறுதி கிட்டவில்லை. 57 பேரோடு நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில் பரிவு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை.

இந்த வரிசையைத் தோல்வி என்று படிக்க எனக்கு மனம் வரவில்லை, அளந்த பொருளைப் பார்க்கும்போது. பரிவு கூடியதா, அறிகுறிகள் குறைந்தனவா என்று கேட்டார்கள். உடைந்த கண்ணாடியைச் சரிசெய்வது போல அந்த நபரைச் சரிசெய்வதே இலக்காக இருந்தது. அந்த வட்டத்தில் இசையைக் கொண்டுவந்தவர் வாழ்வில் முதன்முறையாகப் பத்துப் பேர் தன் அசைவைப் பின்தொடர்வதைக் கண்டாரே, அது எந்த வினாத்தாளிலும் ஏறியிருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உடல்கள் தாளம் சேர்ந்தால் மனம் சேரும் என்பது இந்தச் சிகிச்சைகளின் அடிநம்பிக்கை. 2020இல் கொலோன் நகரில் அலெக்ஸாண்ட்ரா ஜார்ஜெஸ்கு குழுவினர் உரையாடும் இணைகளின் உடலசைவை அளந்தபோது, ஆட்டிசம் உள்ள ஒருவர் இருந்தாலே ஒத்திசைவு குறைந்தது. இருவருமே ஆட்டிசம் உள்ளவர்கள் என்றாலும் குறைந்தது. அதே ஆண்டில் எடின்பரோவில் கேத்தரின் க்ராம்ப்டனின் குழு நடத்திய ஆய்வில், ஆட்டிசம் உள்ள இருவர் சேர்ந்திருக்கும்போது இணக்கம் நன்றாகவே இருந்தது, கலப்பு இணைகளில்தான் குறைந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தாளம் ஒத்துப்போகாமலே நெருக்கம் உண்டாகிறது. அப்படியென்றால் தாளம் சேர்ப்பதையே சிகிச்சையாக வைத்திருப்பவர்கள், அது யாருடைய நெருக்கத்தின் அடையாளம் என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

க்ராம்ப்டனின் இன்னொரு ஆய்வும் அப்போது உலகெங்கும் பேசப்பட்டது. ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்கு, எட்டுப் பேர் வரிசையாகக் கடத்தும் விளையாட்டு. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையும் இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையும் சமமாகக் கதையைக் காத்தன. கலந்த வரிசையில் கதை வேகமாகத் தேய்ந்தது. அதே குழு 300க்கும் மேற்பட்டவர்களோடு பெரிதாகச் செய்து 2025இல் வெளியிட்ட ஆய்வில் அந்தத் தேய்மானம் மீண்டும் வரவில்லை. கலந்த வரிசைகளும் சமமாகவே கடத்தின. தம் புகழ்பெற்ற முடிவையே திருப்பி உரசிப் பார்த்த நேர்மை பெரிது. மாறுபட்ட உடல்கள் இடையே செய்தி போய்ச் சேரும் என்பது நல்ல செய்தியும்கூட. சாஸனின் தாளைத்தான் அது நினைவூட்டுகிறது: புரிதல் முடியாததாக இல்லை, பழக மனம் வருவதில்தான் தடை.

நரம்பும் தொடுகையும்

பீட்டர் லெவினின் சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங், பாட் ஆக்டனின் சென்சரிமோட்டார் சைக்கோதெரபி போன்ற அதிர்ச்சிச் சிகிச்சைகள் இப்போது ஆட்டிசம், ஏடிஎச்டி போன்ற நரம்பியல் மாறுபாடு உள்ளவர்களிடமும் பெருமளவில் விற்கப்படுகின்றன. விற்கப்படுகின்றன என்று யோசித்தே எழுதுகிறேன். இவற்றில் பல, ஸ்டீஃபன் போர்ஜஸ் 1990களில் முன்வைத்த பாலிவேகல் கோட்பாட்டின் மேல் நிற்கின்றன. வேகஸ் நரம்பின் ஒரு கிளை நம்மைப் பிறரோடு இணைக்கிறது, மற்றொன்று உறையவைக்கிறது என்பது அதன் சாரம். அதன் உடலியல் அடிப்படைகள் ஒவ்வொன்றும் தாங்காது என்று பால் கிராஸ்மன் 2023இல் விரிவாக வாதிட்டார். 'பாதுகாப்பாக உணர்தல்' என்ற சொல்லைப் பலருக்குக் கொடுத்ததால் அந்தக் கோட்பாடு பயன்பட்டிருக்கலாம். ஆனால் அமைதியாக உட்கார்ந்திருப்பதும் கண்ணைப் பார்ப்பதும் 'இணைந்த' நரம்பின் அடையாளம், அசைந்துகொண்டே இருப்பது 'ஆபத்து' நிலை என்று அறிவியல் உடையில் சொல்லும் சிகிச்சையாளரிடம், லோவாஸின் நாற்காலிதான் மெத்தை போட்டுத் திரும்பி வந்திருக்கிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் ஸ்டீவன் காப்பும் குழுவினரும் 2019இல் கேட்டபோது, உடலை ஆட்டுவதும் கையை உதறுவதும் தங்களை நிலைப்படுத்துகின்றன என்றே அவர்கள் சொன்னார்கள்.

தொடுகையைப் பற்றி, ஆட்டிசம் உள்ள விலங்கு அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின் சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. மாடுகளை ஊசி போடும்போது அடக்கும் கூண்டைக் கண்டு, தனக்கென ஓர் அழுத்த இயந்திரத்தை இளம் வயதில் செய்துகொண்டார். 1992இல் அதைப் பற்றி ஆய்விதழில் எழுதினார். ஆழமான அழுத்தம் அவருக்கு அமைதி தந்தது, மனிதர்களின் அணைப்பு திகைக்கவைத்தது. இயந்திரத்தின் கைப்பிடி அவர் கையில் இருந்தது, எப்போது வேண்டுமானாலும் தளர்த்தலாம். இறுக்கிப் பிடிக்கும் சிகிச்சைக்கும் இதற்கும் அழுத்தத்தில் வேறுபாடு கொஞ்சம்தான். கைப்பிடி யாரிடம் இருக்கிறது என்பதில் உலகளவு வேறுபாடு.

அட்டைகளும் திண்ணையும்

கைப்பிடி யாரிடம் இருக்கிறது என்பது பெரியவர்களுக்கு அவசரமான விஷயம். தன் அசைவையும் முகத்தையும் மறைத்து மற்றவர்போல் நடிப்பதை, ஆங்கிலத்தில் மாஸ்க்கிங் என்று சொல்லப்படுவதை, லாரா ஹல் குழுவினர் 2017இலிருந்து ஆராய்கிறார்கள். சாரா கேசிடி 2018இல் வெளியிட்ட ஆய்வு, இப்படி மறைப்பது தற்கொலை எண்ணத்தோடு தொடர்புடையது என்று காட்டியது. டோரா ரேமேக்கர் 2020இல் ஆட்டிசச் சோர்வு என்ற நிலையை விவரித்தார்: மாதக்கணக்கில் நீளும் களைப்பு, முன்பு இருந்த திறன்களே கைவிட்டுப் போதல், ஓசையும் ஒளியும் தாங்காமை. 'நன்றாகப் பழகுகிறாரே' என்று பாராட்டப்பட்டவர்கள் தரும் விலை இது. மறைக்கும் திறனைக் கூர்மையாக்கும் எந்தச் சிகிச்சையும் இந்த விலையை ஏற்றுகிறது.

சேர்ந்திருத்தலுக்கான மிகச் சிறந்த உடல்வழி ஏற்பாட்டைச் சிகிச்சையாளர்கள் கண்டுபிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஜிம் சின்க்ளேரும் நண்பர்களும் 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆட்ரீட் என்ற ஆட்டிசம் உள்ளவர்களின் கூடலில் கழுத்தில் அணியும் வண்ண அட்டைகள் புழக்கத்துக்கு வந்தன. பச்சை: என்னிடம் வந்து பேசுங்கள், நானே தொடங்குவது எனக்குக் கடினம். மஞ்சள்: தெரிந்தவர்கள் மட்டும். சிவப்பு: இப்போது யாரும் வேண்டாம். முகம் செய்யவேண்டிய வேலையை ஓர் அட்டை செய்கிறது. 2005இல் பிரிட்டனில் தொடங்கிய ஆட்ஸ்கேப்பும் இதைத் தொடர்ந்தது. கைதட்டல் காதைக் குத்தும் என்பதால் இத்தகைய கூடல்களில் கைகளை உயர்த்தி அசைக்கிறார்கள். ஏடிஎச்டி உள்ளவர்கள் 'பாடி டபுளிங்' என்கிறார்களே, ஒருவர் பக்கத்தில் சும்மா தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும், இவருக்கு வேலை ஓடும், அதுவும் இதே குடும்பம். ஆய்வுகள் இங்கே இன்னும் குறைவு. பழக்கம்தான் முன்னால் நடக்கிறது.

நம் ஊருக்கு வந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. ஆனால் சிகிச்சை மையங்களின் பலகைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். அந்தக் குழந்தைகள் வளர்ந்தபின் எங்கே போகிறார்கள் என்று கேட்டால், வீட்டுக்குள் என்பதே பல குடும்பங்களின் விடை. தமிழில் வழங்கும் மதியிறுக்கம் என்ற சொல்லையும் நான் தயக்கத்தோடுதான் பார்க்கிறேன். இறுக்கம் மதியில் இருப்பதாக அது முன்கூட்டியே தீர்ப்பளிக்கிறது. பிணக்கில்லாமல் பேசுவதையே 'முகம் கொடுத்துப் பேசுவது' என்கிறோம். முகத்தைத் திருப்பினால் கோபம், வந்தவரை 'வாங்க' என்று எழுந்து கேட்காவிட்டால் திமிர். முப்பது ஆண்டுகள் திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கிய ஒருவருக்கு உடல்வழிச் சிகிச்சை செய்ய வருபவர், முதலில் அந்தப் பெயரை அவர் உடலிலிருந்து இறக்க வேண்டும்.

ஆகவே அப்படி ஒரு சிகிச்சையாளரைத் தேடிப் போகிறவர் தயங்காமல் கேட்கலாம். நான் உங்களைப் பார்க்காமல், நடந்துகொண்டே பேசலாமா? தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்பீர்களா? கையை உதறினால் என்ன நினைப்பீர்கள்? விளக்கை அணைக்க முடியுமா? எதை வைத்து நான் தேறிவிட்டேன் என்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு "மற்றவர்களைப் போலப் பழகுவீர்கள்" என்று விடை வந்தால் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம்.

எதிரெதிரே உட்காராமல் உறவு கொள்ளும் இடங்கள் நம்மிடம் இருந்தன, இன்னும் மிச்சமிருக்கின்றன. திண்ணையில் இருவர் தெருவைப் பார்த்தபடி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு வந்தால் வரும், வராவிட்டால் தெரு இருக்கிறது. கல்யாண வீட்டில் கூடத்து இரைச்சலைத் தாங்காத ஒருவர் பின்கட்டுக்குப் போய் நாலு பேரோடு தேங்காய் துருவுவார், வெங்காயம் உரிப்பார். யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கைகள் ஒரே வேலையில் இருக்கின்றன, தாளம் வெவ்வேறாக. அவர் எங்கே என்று கூடத்தில் யாராவது கேட்டால், "பின்கட்டில் இருக்கிறார், எங்களோடுதான் இருக்கிறார்" என்று பதில் போகிறது.